சாட்சிக்கு ஓர் இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது முகமூடியைக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள். இதை வாசித்துக் காட்டும் வெல்டர் மாமாவுக்கு என் வணக்கம். மாமா, எதையும் விட்டுவிடாமல் அப்படியே வாசியுங்கள்.

அப்பா, என் நாவலுக்கு ஏஜென்ட் கிடைத்துவிட்டார். எனக்காகப் பதிப்பகங்களிடம் பேசிப் புத்தகம் வர வழி செய்பவர். அம்மாவிடம் விளக்கியபோது, "வீட்டு புரோக்கர் மாதிரியா?" என்றாள். ஆமாம், ஆனால் புத்தகத்தை விற்ற பிறகுதான் அவருக்குப் பங்கு என்றேன். "முன்பணம் கேக்காத புரோக்கரா? நல்லா விசாரிச்சியாடி?" என்று இஸ்திரிப் பெட்டியையே கீழே வைத்துவிட்டாள். இப்போது துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எம் பொண்ணு புத்தகத்துக்கு ஏஜென்ட் வந்திருக்காங்க" என்கிறாள். நான் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறேன்.

இவருக்கு முன் பதினோரு ஏஜென்ட்கள் மறுத்தார்கள். ஆறு பேர் பதிலே போடவில்லை. இவருக்கு நான் எழுதியது பெரிய கூத்து. கதையைப் பற்றி ஒரு பக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் அனுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் தெருவுக்கு எழுதிக்கொடுத்த மனுக்கள்தானே. குடிநீர் இணைப்புக்கு எழுதுவது போலவே "பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்று தொடங்கி, பட்டச் சான்றிதழ் நகலோடு உங்கள் வருமானச் சான்றிதழையும் இணைத்துவிட்டேன். அவர் போன் செய்து, "இருபது வருஷத்துல அப்பாவோட வருமானச் சான்றிதழை யாரும் எனக்கு அனுப்பினதில்லம்மா. சிரிச்சுக்கிட்டேதான் படிக்க ஆரம்பிச்சேன். மூணாவது அத்தியாயத்துல சிரிப்பு நின்னுபோச்சு" என்றார்.

அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை.

அதில் இருப்பது நான் கல்லூரியில் சேர்ந்த நாள். படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் இருந்த மையைக் கைக்குட்டையில் துடைத்தபடி வெளியே நின்றீர்கள். என்னோடு சேர்ந்த பெண் ஒருத்தி, "அவர் யாரு?" என்று கேட்டாள். "எங்க தெருக்காரர். துணைக்கு வந்தார்" என்றேன். உங்கள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தீர்கள்.

மாமா, நிறுத்தாதீர்கள். வாசியுங்கள்.

அந்த அத்தியாயம் இல்லாமல் இந்தப் புத்தகம் நிற்காது என்கிறார் ஏஜென்ட். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். நீங்கள் வேண்டாம் என்றால் அது வராது. அதனால் புத்தகமே வராமல் போனாலும் சரி.

சம்மதம் என்றால் இன்னொன்று: ஏஜென்டோடு போடும் ஒப்பந்தத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே சாட்சி ஒருவர் வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நம் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் கைநாட்டு செல்லுமா என்று ஏஜென்டிடம் கேட்டேன். செல்லும் என்றார். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில், உறவுமுறை என்ற கட்டத்தை மட்டும் நானே நிரப்பிவிட்டேன்: தந்தை.

கையில் பெயின்ட் இருந்தால் கழுவிவிட்டு வையுங்கள் அப்பா. போகாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே வையுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
உங்கள் மகள்