மிதிச்சு அடிங்க மதினி

ஜூலை 8, செவ்வாய்

தூறல். மலை தெரியவில்லை. தேனியில் இவருக்கு டயாலிசிஸ், 10.30 பெட். 9 மணிக்குத் தேவாரத்தை விட்டுக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். கிளம்பும்போது 9.10.

கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை.

கொழுந்தனார் முருகேசன் (இனி மு.) ஜன்னலில் தலையை விட்டு, “மிதிச்சு அடிங்க மதினி! நல்லா மிதிங்க!” எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். எஸ்டேட் ஜீப்பில் இருபது வருஷம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ரோட்டில் ஓட்டுவதில்லை, வாயால் ஓட்டுகிறார். தினமும் பாதி மிதித்துத்தான் செல்ஃப் அடிப்பேன். இன்று அவசரத்தில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தேன். கிர்ர் கிர்ர். ஒரு இருமல்கூட இல்லை. பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

திராட்சை வேனில் இடம் கேட்டுப் போனோம். லேட். நர்ஸ்: “மூணு மணி நேரந்தான் மிஷின ஓட்ட முடியும்மா. அடுத்த ஆளு வெளிய உக்காந்திருக்காக.” நாலு மணி நேரம் ஓடணும். இவர் கால் வீக்கம் அப்படியே.

9, புதன்

மெக்கானிக் ரபீக் வந்தான். பேட்டரிக்கு வயர் போட்டான், ஆக்சிலேட்டரைத் தொடாமலே சாவியைத் திருப்பினான். உடனே ஸ்டார்ட். எரிச்சல் எனக்கு.

“முழுசா மிதிச்சீகளாக்கா? அப்ப எப்பிடி எடுக்கும்? முழுசா மிதிச்சு செல்ஃப் அடிச்சா, உள்ள பெட்ரோல் கூடிப்போச்சு, காய வைக்கச் சொல்றாகன்னு நெனச்சுக்கும் வண்டி கம்ப்யூட்டர். பெட்ரோல நிறுத்திரும்.”

“அப்ப எப்பத்தான் மிதிக்கிறது?”

“ப்ளக் பெட்ரோல்ல நனைஞ்சா மட்டும். பெட்ரோல் வாடை குப்புனு வரும். அப்ப முழுசா மிதிச்சு பத்து செகண்ட் அடிங்க. பிடிச்சதும் காலை மெதுவா எடுத்துருங்க.”

மு.வுக்கு முகம் சுண்டிவிட்டது. “குமுளி மேட்டுல நான் வண்டி ஏத்துறப்ப இவன் பெறக்கவே இல்ல.”

10, வியாழன்

கால் வைக்கவில்லை. ஒரே திருப்பில் ஸ்டார்ட். நாலு மணி நேரம் முழுசாக. வரும் வழியில் இவர் தூங்கினார். வாங்க வேண்டியது: மாத்திரை, சோப்பு, மு.வுக்கு வெற்றிலை. சமாதானத்துக்கு.

12, சனி



காலையிலிருந்தே மழை. நேற்று வெயிலில், அளந்து குடிக்க வேண்டிய இவர் ஒரு செம்புத் தண்ணீரை எனக்குத் தெரியாமல் குடித்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே இருந்தார். 9 மணிக்குக் காரில் ஏற்றினேன். கார் வாசல்படியை ஒட்டி நின்றது. முருங்கை மரத்தடியில் அல்லவா விட்டிருந்தேன்?

கால் வைக்காமல் திருப்பினேன். எடுக்கவில்லை. மறுபடி. இல்லை. பின்னால் இவர் மூச்சு விடும் சத்தம். குப்பென்று பெட்ரோல் வாடை.

மிதிக்கக் காலைத் தூக்கினேன். மு. கத்துகிறார்: “மிதிக்காதீக மதினி! அந்தப் பய சொன்னான்ல!”

பயந்துவிட்டேன். தப்பென்றால் பேட்டரி போகும். பேட்டரி போனால் இவர்.

மிதித்தேன். தரையோடு. பத்து எண்ணினேன். ஒன்றுமில்லை. விட்டுவிட்டு மறுபடி பத்து. செல்ஃப் சத்தம் இழுக்க ஆரம்பித்தது. வீரபாண்டி ஆத்தா, தீச்சட்டி எடுக்கிறேன் என்றேன், வாய்விட்டு. மூன்றாம் தடவை ஏழில் ஒரு இருமல். எட்டில் இன்னொன்று. காலை மெதுவாக எடுத்தேன். கறும்புகை. ஓடியது.

மு. பின்னால் ஏறி அண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.  ஐந்து நிமிஷம்தான் லேட். பெட் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ரபீக்குக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டேன், மு.வும் கேட்கட்டும் என்று.

“காலையில யாராச்சும் வண்டிய ரெண்டடி நகட்டி ஒடனே ஆஃப் பண்ணாகளாக்கா? சூடேறுறதுக்குள்ள ஆஃப் பண்ணாத்தான் இப்பிடி நனையும்.”

மு.வைப் பார்த்தேன். சட்டை முதுகு முழுக்க ஈரம். அண்ணன் நனையக் கூடாதென்று மழையில் காரை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தியவர்.

“யாரும் தொடலப்பா,” என்றேன்.