வெண்டைக்காட்டில் போட்ட கையெழுத்து

அக்கா,

காலையில் குடையைத் தேடி இரும்புப் பெட்டிக்குள் கை விட்டேன். உங்கள் மயில்கழுத்துச் சேலையைக் கிழித்துத் தைத்த முகக்கவசம் வந்தது. எனக்கென்று தைத்துக் கொடுத்தீர்களே, அது மூக்கோடு கண்ணையும் மூடியது. "பேச்சு வெளிய வராம இருந்தாச் செரி" என்றீர்கள். பெட்டி முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அந்த வருஷம் உங்கள் நிலத்தில் வெண்டை போட்டிருந்தேன். மலையாள எல்லைக்குள் இருக்கும் நம் நல்லேப்பிள்ளியில் குத்தகைக்கு யாரும் காகிதம் எழுதமாட்டார்கள், வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் உழுகிறவன் ஒரு நாள் நிலத்தையே கேட்பான் என்று பழைய பயம். ஊரடங்கில் லாரி வரவில்லை. காய் செடியிலேயே முற்றி விறகாய்ப் போனது. அடுத்து நெல் நடவு, விதை வாங்க என்னிடம் ஒன்றும் இல்லை. நஷ்டப்பட்டவர்களுக்கு நிவாரணம் உண்டு என்றார்கள். வரி ரசீது உங்கள் பெயரில், அதனால் மனுவும் உங்கள் பெயரில். பணம் வந்ததும் என்னிடம் தருவதாகப் பேசிக்கொண்டோம். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

வேளாண்மை ஆபீசான கிருஷிபவனிலிருந்து அதிகாரி பார்வையிட வந்த அன்று நீங்கள் போட்ட விவசாயி வேஷம் இருக்கிறதே! கல்யாணத்துக்கு உடுத்தும் சேலை, தலையில் துண்டு, கையில் என் மண்வெட்டி தலைகீழாக. போய் நின்றதோ பக்கத்துக் காட்டுக்காரரின் பாகல் பந்தலுக்கு அடியில்.

அதிகாரியாக வந்த மலையாளத்துப் பெண் சிரிக்காமல் கேட்டாள்: "சேச்சி, இதில் வெண்டை எவிடெ?"

பந்தலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டீர்கள். "நெலம் என்னோடதுங்க. பாடுபடறது இவ. எனக்கு வெண்டைக்காயக் கொழம்புலதான் தெரியும்ங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. மனு அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அவள் கோபப்படவில்லை. நம் வெண்டைக்காட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, நிலத்துக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் உழுகிறவர் பெயரிலேயே தரலாம் என்று காகிதம் நீட்டினாள். வரப்பில் நின்ற உங்கள் கொழுந்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "அண்ணி, கையெழுத்துப் போட்டா நெலம் போச்சுங்க."

நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போனா எங்க போகுது, பக்கத்து ஊட்டுக்குத்தானுங்க" என்று சொல்லி, காகிதத்தை என் முதுகில் வைத்து எழுதத் தொடங்கினீர்கள். பேனா குத்தியது, நெளிந்தேன். "ஆடாத புள்ள, எழுத்து கோணுது" என்று அதட்டினீர்கள். குனிந்தபடி அழுதுகொண்டிருந்தேன், அக்கா. அதை உங்களிடம் சொன்னதே இல்லை.

பணம் என் கணக்குக்கே வந்தது. பெரிய தொகை இல்லை, விதைக்கும் உழவுக்கும் சரியாக இருந்தது. நடவன்று பாயசத் தூக்கோடு சேற்றில் இறங்கிய நீங்கள் தொப்பென்று உட்கார்ந்தீர்கள். தூக்கை மட்டும் சாய விடவில்லை. நட்ட பெண்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்து வரிசையே கோணிப்போனது.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியம் முடிந்ததும் உங்கள் மகன், "அம்மா எழுதினது அப்படியே இருக்கட்டும்ங்க" என்று சொல்லிவிட்டுக் கோவைக்குப் போனான். நிலம் இன்னும் உங்கள் வீட்டுப் பெயரில்தான் இருக்கிறது.

போன வாரம் ரேஷன் கார்டு திருத்தப் போனேன். கம்ப்யூட்டர் முன் இருந்த பெண் தொழில் என்ற இடத்தில் பழையபடி 'கூலி' என்று தட்டினாள். முப்பது வருஷமாக அதில் நான் கூலிதான். விவசாயி என்று மாற்றச் சொன்னேன்.

"சொந்த நெலம் இருக்குங்களா?"

"இல்லீங்க. வெள்ளாமை பண்றது நானுங்க."

அவள் 'கூலி'யை அழித்தாள். பிறகு 'விவசாயி' என்று தட்டினாள்.