டெரன்ஸுக்குக் கொடுத்த மொரிஸ் மைனர்

2009 ஆவணி, ஞாயிறு இரவு. குருக்கள்மடம்.

இன்று என் மொரிஸ் மைனரை டெரன்ஸுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன். மட்டக்களப்பு டவுனில் இருக்கும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பிள்ளை. பழைய கார்களைத் திருத்தி ஓட வைப்பதில் அவனுக்குப் பைத்தியம்.

சுனாமியன்று கார் தானாக நீந்திப்போய் மாமரத்தடியில் நின்றது என்று அவனிடம் சொன்னேன்.

"நீந்தெல்லாம் இல்ல மகன், நாலு பேர் சேந்து தள்ளின" என்று அவனிடம் சொன்னாள் என் மனிசி. அவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?

அவன் பொனட்டைத் திறந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. உள்ளே காபரேட்டர் இல்லை; அதில்லாமல் எஞ்சின் ஓடாது. சண்டைக் காலத்தில் யாரும் காரைப் பறித்துப் போகாதபடி நானே அதைக் கழற்றிக் குசினியில் அடுப்புக்குப் பின்னால் ஒளித்தேன். குசினியோடு அதைக் கடல் கொண்டுபோனது. இவன் வேண்டாமென்றால் கார் பழைய இரும்புக்குத்தான் போகும்.

டெரன்ஸ் சிரித்தான். "எங்கட அப்பாவும் கழட்டிக் கிணத்துக்க போட்டவர் அங்கிள். வேற ஒண்டு தேடுவம்."

டெரன்ஸின் ஆட்கள் காரை டிராக்டரில் கட்டி டவுனுக்கு இழுத்தார்கள். ஸ்டியரிங்கை நான்தான் பிடித்தேன். ஹோர்ன் வேலை செய்யாததால் வழியெல்லாம் வாயால் அடித்தேன். கல்லடிப் பாலத்தில் ஆமிக்காரன் மறித்தான்.

"எங்க போறது?"

"கார் திரும்ப ஓடுறதுக்கு" என்றேன்.

போகச் சொல்லிக் கையசைத்தான். அது சல்யூட்தான்.