அன்றைக்கு எங்கள் பாடு இல்லை

டைரக்டரம்மா,

ரேஷன் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து இன்று அந்தத் தாளை மறுபடியும் எடுத்தேன். வாரப் பத்திரிகையிலிருந்து நீ கிழித்துக் கொடுத்த பக்கம். மேலே நான் படகில் உட்கார்ந்திருக்கும் படம், கீழே உன் சினிமாவைப் பற்றிய எழுத்து. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரத்துக்கு வந்த ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். இப்போது எழுத்தும் தெரிகிறது. இந்த வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து படித்துவிட்டேன் அம்மா! பஸ் போர்டு, உப்புப் பாக்கெட், தேர்தல் சுவர் எதையும் விடுவதில்லை. அந்தச் சந்தோஷத்தில் போன வாரம் இந்தத் தாளையும் விரல் வைத்துப் படித்தேன். மூன்று நாள் ஆனது. முடித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னா எழுதிருக்கு?" என்று அன்றைக்கு உன்னைக் கேட்டேன்.

"உங்கள நல்லா எழுதிருக்காங்க நைனா" என்றாய். முகம்கூட மாறவில்லை. பொய்க்காரி.

எழுதியிருப்பது இதுதான்: 'மீனவர் படம் என்கிறார்கள், ஒரு தடவைகூட வலை தண்ணீரில் விழவில்லை. மடித்த வலையையும் ஒரு கிழவரையும் காட்டியே பொழுதை ஓட்டுகிறார்கள். இயக்குநருக்கு மீன்பிடிப்பும் தெரியவில்லை, சினிமாவும் தெரியவில்லை.'

மருமகளிடம் கேட்டேன், இது உனக்குத் தெரியுமா என்று.

"தெரியும் மாமா. படத்தக் காட்டிக் காட்டிச் சிரிச்சினு இருந்தீங்க. கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்."

குளிர் அறையில் உட்கார்ந்து பார்த்து எழுதிய அந்த மனிதருக்கு என்ன தெரியும்? வாடகைக் காமிரா நாலே நாள். நீங்கள் வந்தது ஐந்து பேர். சமைத்தவனே குடை பிடித்தான், குடை பிடித்தவனே மூங்கில் கோலில் மைக்கைக் கட்டித் தூக்கினான். விளக்கு இல்லை. மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியை வாங்கி, அந்த நாற்றத்தோடு மார்பில் சாய்த்துப் பிடித்து, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று என் முகத்துக்கு வெயிலைத் திருப்பியவள் நீ. தூரத்தில் ஒரு என்ஜின் படகு போனால் சத்தம் அடங்கும்வரை எல்லோரும் வாய் மூடி நிற்போம். அது அடங்கினால் இன்னொன்று வரும். "இந்த ஏரிக்கே லீவு வுடணும் நைனா" என்று நீ சிரிப்பாய். கிழித்து எழுத அவருக்கு ஒரு மத்தியானம் போதும்.

வலை ஏன் விழவில்லை? அது என்னால்.

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். உன் காமிரா வந்த நாலு நாளும் எதிர்க்கரைக்காரர்களின் பாடு. அவர்களைப் படம் எடுக்கப் போனாய். "சினிமாக்காரங்க வந்தா எறா கலைஞ்சிடும், போம்மா" என்று விரட்டிவிட்டார்கள். என்னிடம் திரும்பி வந்தாய்.

"சும்மா ஒரு தடவ வீசுங்க நைனா. மீனே வேணாம்."

"தண்ணில பட்டா பட்டதுதான். எங்க பாடு இல்ல. ஊர்ல மூஞ்சி காட்ட முடியாது."

வேறு யாராவது என்றால் பக்கத்து ஊரில் ஆள் பிடித்து வீச வைத்திருப்பார்கள். நீ மடித்த வலையைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு, "அப்ப இதத்தான் எடுக்கணும். வலை இருக்கு, மீன் இருக்கு, கைய கட்டினு உக்காந்திருக்கீங்க. ஏன்னு நீங்களே காமிராவப் பாத்துச் சொல்லுங்க" என்றாய்.

நான் சொல்லவில்லை. படிக்காதவன், நாலு பேர் பார்க்கும் படத்தில் உளறிவிடுவேன் என்று வெட்கம். நீ கெஞ்சினாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தலை குனிந்த கிழவனைத்தான் எடுத்தாய்.

நான் வாய் திறந்திருந்தால் இந்த மனிதர் எழுத இடமே இருந்திருக்காது. தெரியாதவள் என்ற பேர் உனக்கு வந்தது. வந்ததையும் என்னிடம் மறைத்தாய். காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று உன் காமிராக்காரர் போனில் சொன்னபோதுகூட, நல்ல பேரோடு போனாள் என்றுதான் நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். இதை எழுதிய ஆள்மேல் எவ்வளவு கோபமோ, அதில் பாதி உன்மேல், மீதி என்மேல்.

பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, "ரொம்பக் காரமா இருக்கு தாத்தா, கொஞ்சம் கொறைங்க" என்றது. குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 'ஐயா, அன்றைக்கு எங்கள் பாடு இல்லை. அடுத்தவன் பாடு நாளில் வலை போட மாட்டோம். அந்த அம்மாவுக்கு அது தெரியும், உங்களுக்குத் தெரியாது. கேட்டபோது பேசாமல் இருந்தது நான். திட்டுவதானால் என் பேரை எழுதித் திட்டவும்.' கீழே முழுப் பேர், அப்பா பேர், ஊர்.

நாளைக்குப் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போய்த் தபாலில் போடுவேன். அன்றைக்கு உனக்குத் தராத அந்த ஒரு பேச்சு இப்போது அந்தக் கடிதத்தில் போகிறது. அவர்கள் அச்சில் போடுவார்களோ, குப்பையில் வீசுவார்களோ. வீசினால் இன்னொன்று எழுதுவேன். எழுதத்தான் இப்போது தெரியுமே.