கடைசிப் பத்து நிமிடம்

என் பொல்லாத ரசிகைக்கு,

போன வாரம் பார்த்த பேய்ப் படம் சுத்த மோசம். பேயைவிடக் கதாநாயகன் பாடிய பாட்டுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். நேற்று பார்த்த கார்ட்டூன் படமோ அருமை. வழி தவறிய நத்தை ஒன்று, முதுகில் ஓட்டைச் சுமந்துகொண்டே, "என் வீடு எங்கே?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போகிறது. நம் மகள் சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்தே விழுந்துவிட்டாள்.

முடிவை மட்டும் கேட்காதே. நீ அங்கே வேலைக்குப் போனதிலிருந்து அவள் எந்தப் படத்தையும் முடிக்க விடுவதில்லை. கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி, "மீதி அம்மா வந்தப்புறம்தான்" என்று அணைத்துவிடுகிறாள். அதனால் நம் வீட்டில் வில்லன்கள் எல்லாரும் இன்னும் உயிரோடு சுகமாக இருக்கிறார்கள்.

இன்று கடையில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்த ஒருவர், நத்தைப் படத்தின் முடிவைச் சொல்ல வாயெடுத்தார். நான் கத்தரியை நிறுத்திவிட்டேன். "சொன்னீங்கன்னா பாதித் தலையோட எழுந்து போகவேண்டியதுதான்" என்றேன். மனுஷர் உடனே பேச்சை வெயிலுக்கு மாற்றிவிட்டார்.

நர்ஸ் வேலையில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல சம்பளம். உன் இஷ்டம்தான், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

சரி, படத்துக்கே வருவோம். "அந்த நத்தை கடைசியில வீட்டுக்குப் போய்ச் சேந்துடுமா?" என்று மகளிடம் கேட்டேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு சொன்னாள்: "அதை அம்மாகிட்டதாம்பா கேக்கணும்."

கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ரிமோட்டைப் பறிகொடுத்த உன் வீட்டுக்காரன்