ஓக் மரத்தில் நான் கட்டிய மாவிலை

அன்புக்குரிய என் அத்தான்,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஓக் மரத்தில் பிளாஸ்டிக் மாவிலை கட்டினேன். கல்யாண ஹோல் வாசலில் தொங்கவிடுவோமே, அதே தோரணம்தான். கோபிக்காமல் கதையைக் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் பனிக்காலம். மரத்தை மூடிக்கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. மொன்றியல் குளிரில், வருடம் முழுக்கப் பச்சையாய் நிற்கிற ஓக் வளர்க்கப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, "அதுக்கும் ஒரு குளிர் ஜக்கெற் வாங்குங்கோ அத்தான்" என்று சிரித்தவன் நான்தானே. உங்களைப் பார்த்த ஞாபகத்தில் பலகைக்கூடு அடித்து, சருகு நிரப்பி, சாக்குச் சுற்றினேன்.

அக்கா குசினி யன்னலில் நின்று பார்த்தார். நீங்கள் போனதிலிருந்து அவர் கதைப்பதே குறைவு. காலையில் தேத்தண்ணீரோடு அங்கே நின்று மரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதுவும் பட்டுப்போனால் உங்கள் மனுசியை நான் எதைச் சொல்லித் தேற்றுவேன்?

சித்திரையில் கூட்டைப் பிரித்தேன். பச்சையாக நின்றது! எங்கள் வில்லரேப் பகுதி முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். வைகாசியில் இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அக்கா எழும்பும் முன்பே போய்ச் சருகை அள்ளி ஒளித்தேன். வெறும் கொப்புகளில் மாவிலையைக் கம்பியால் கட்டினேன். ஓக் இலை என் சின்னவிரல் அளவு, மாவிலை ஒரு சாண். தூரத்திலிருந்து பார்க்கத் தெரியாது என்று ஒரு நம்பிக்கை.

ஐந்தாம் நாள் பின்கதவு திறந்தது.

"தம்பி, மாங்காய் எப்ப கட்டப்போறாய்?"

"அக்கா, அது வந்து..."

"விசரா! ஒவ்வொரு வைகாசியும் பழசைக் கொட்டிப்போட்டுத்தான் அது புதுசு விடும். உன்ர அத்தான் எத்தினை தரம் கூட்டி அள்ளினவர். நுனியை வடிவாப் பார்."

பார்த்தேன். கொப்பு நுனியெல்லாம் வெள்ளி பூசினமாதிரிக் குருத்து.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ படுற பாட்டைப் பார்க்க நல்லாயிருந்தது."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார், அத்தான். படியில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்களுக்குக் கேட்டதா? நானும் அப்படியே புல்லில் குந்திவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

இப்போது நன்றாகக் கதைக்கிறார். பெரும்பாலும் என்னை ஏசத்தான். ஒற்றை மரம் தனித்து நிற்கிறது என்று, போன கிழமை என்னைக்கொண்டு இன்னொரு கன்றும் வாங்குவித்தார். என் கை ஓடும்வரைக்கும் ஒவ்வொரு பனிக்கும் இரண்டையும் நானே மூடிக்கட்டுவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

நேற்று அக்கா காட்டிய இடத்தில் குழி தோண்டினேன். பக்கத்து வீட்டு மதாமின் இன்டர்நெட் வயர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. திருத்துகிறவர்கள் வியாழக்கிழமை வருவார்களாம்.

உங்கள் பகிடிக்கார மச்சான்