உடைத்துத்தான் விற்க வேண்டுமாம், வாப்பா

என் அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமைகளில் தம்பி உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து உங்கள் தலைமாட்டில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறான். பெண்பிள்ளை எனக்கு அங்கே வர வழியில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் லேத்தை உடைத்துவிட்டார்கள். உடைத்தது நான் வேலை செய்கிற அரசாங்கக் கந்தோர். மாதா மாதம் எனக்குச் சம்பளம் தருகிற கந்தோர்.

சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் புத்தளத்துக்கு வந்தோம். தில்லையடி அகதிக் கொட்டிலில் எங்களை வைத்துக்கொண்டு, கண்ட கண்ட பட்டறையிலெல்லாம் கூலிக்கு நின்று நீங்கள் வாங்கிய கடைசல் இயந்திரம் அது. குறிஞ்சிப்பிட்டிப் படகுக்காரர்கள் தேய்ந்துபோன எஞ்சின் தண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே அளவில் புதிது கடைந்து கொடுப்பீர்கள்.

சண்டை முடிந்து, உங்கள் கையும் நடுங்கத் தொடங்கியபோது, விற்றுவிடுங்கள் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். நீங்கள் கேட்கவில்லை. அரசாங்கப் பயிற்சி நிலையத்துக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தீர்கள்.

"பள்ளிவாசலுக்குக் குடுத்தா எங்கட புள்ளையள் மட்டுந்தான் பழகும். அரசாங்கத்துக்குக் குடுத்தா சிங்களப் புள்ளை, தமிழ்ப் புள்ளை எல்லாம் பழகும். அது ஓடுற வரைக்கும் எனக்கு நன்மை வந்து கொண்டிருக்கும் மகள்" என்றீர்கள். ஸதகதுல் ஜாரியா என்று இதைத்தானே சொல்கிறோம், மௌத்தான பிறகும் நின்றுபோகாமல் வந்து சேருகிற தர்மம். ஒரு தகட்டில் உங்கள் பெயரை அடித்து ஒட்டுவோமா என்று தம்பி கேட்டான். "பேரைப் போட்டா அது தர்மமாடா, விளம்பரமா?" என்று அவனை ஏசினீர்கள். கொடுத்ததற்கு ஒரு ரசீதுத் துண்டுகூட நீங்கள் வாங்கவில்லை.

நீங்கள் இருக்கும்வரை அது ஓடியது. பிறகு பழக்கிக்கொடுத்த மாஸ்டர் இடமாற்றத்தில் போனார். அவருக்குப் பதிலாக ஆள் வரவில்லை, மரப்பெட்டிகளில் புதிய இயந்திரங்கள்தான் வந்தன. அவற்றை ஓட்டுகிற அளவுக்கு நிலையத்தில் மின்சாரம் இல்லை. புதிய லைன் இழுக்கிறோம் என்றார்கள், இழுக்கவில்லை. கடைசியில் கட்டடத்தையே பூட்டிவிட்டு, உள்ளே இருந்தவை எல்லாம் மேலதிகம் என்று எங்கள் கந்தோர் ஆட்கள் கண்டம் பண்ணினார்கள். கண்டம் என்றால் இனிப் பாவனைக்கு உதவாது என்று கந்தோர் எழுதுகிற தீர்ப்பு. ஒருநாளும் பாவிக்காத சாமானுக்கும் அதே தீர்ப்புத்தான்.

அவற்றை ஏலம் போட்டார்கள். எப்படியாவது உங்கள் லேத்தை வாங்கிவிடலாம் என்று ஏலத்தன்று போனேன். எங்கள் கந்தோர்ப் பெரிய சேர் நிலைய வளவில் நின்றார்.

"சேர், அந்தப் பழைய லேத்த எனக்குத் தர ஏலாதா? எங்கட வாப்பா குடுத்தது."

"அதுக்கு ஏதும் துண்டு இருக்கா தங்கச்சி?"

"இல்ல சேர்."

"இருந்தாலும் முழுசாத் தர ஏலாது. கண்டம் பண்ணின சாமானை உடைச்சுத்தான் விக்கணும். இல்லாட்டி நல்ல சாமானைக் கண்டம் எண்டு வித்துப்போட்டம் எண்டு நாளைக்குக் கேள்வி வரும்."

"நல்ல சாமான்தானே சேர்?"

"ஓம். அதுதான் உடைக்கச் சொல்றது."

அவர் பகிடி விடவில்லை வாப்பா. நல்ல மனிதர், சட்டத்தைத்தான் சொன்னார். முதலில் அந்த மரப்பெட்டிகளைப் பிரித்தார்கள். எண்ணெய்த்தாள் கூடக் கழற்றாத இயந்திரங்கள், புது கிறீஸ் வாசம் வளவெல்லாம் வந்தது. அவற்றை வெளியே எடுத்ததே சம்மட்டியால் அடிப்பதற்குத்தான். அதன்பிறகு உங்களுடையது. வார்ப்பிரும்பு, ரெண்டு அடி போட்டதும் வெடித்துவிட்டது. பழைய இரும்புக்காரரின் லொறியில் எல்லாம் ஒன்றாகப் போயிற்று.

ஒரு தகட்டை ஒட்டவிட்டிருக்கலாமே, ஒரு துண்டையாவது வாங்கியிருக்கலாமே என்று அந்த நேரத்தில் எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. உடைக்கிறவர்களை விட்டுவிட்டு, கொடுத்தவர்மேல் கோபம். நினைத்தால் கூசுகிறது. சேர் என் மேலதிகாரி என்று அதற்குமேல் வாயே திறக்காமல் நின்றேன்.

அதே கிழமை இன்னொன்றும் தெரியவந்தது. வண்ணாத்திவில்லுவில் இருக்கிற பயிற்சி நிலையம் ஒரு லேத் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். இதைத் தூக்கி அங்கே வைத்திருக்கலாமே என்று சேரிடம் கேட்டேன். "அது வேற அமைச்சு தங்கச்சி" என்றார். ஒரு லொறியில் ஏற்றி அனுப்பினால் முடிந்திருக்கும். இப்போது அவர்களுக்குப் புதிது வாங்கப் போகிறார்கள்.

உம்மாவிடம் எப்படிச் சொல்வது? மஃரிபு தொழுதுவிட்டு முஸல்லாப் பாயில் இருந்தபடி, "வாப்பாட லேத் ஓடுதா மகள்?" என்று இப்போதும் கேட்பா. ஓடிக்கொண்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லியும் கொள்வா. நிலையம் பூட்டியது அவவுக்குத் தெரியாது. இந்தமுறை கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"உடைச்சுப் போட்டாங்க உம்மா."

உம்மா அழவில்லை. ஏசவுமில்லை. தஸ்பீஹ் மணியைப் பாயில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

"அப்ப இனி அவருக்கு நீங்க புள்ளையள்தான் மிச்சம்" என்றா.

மௌத்தானவருக்கு நன்மை வருகிற வழிகளில் துஆக் கேட்கிற பிள்ளையும் ஒன்று என்று குர்ஆன் மத்ரஸாவில் படித்ததுதான். ஆனால் என்னைப் பார்த்து யாரும் அதைச் சொன்னதில்லை. அந்த இரும்பு நின்ற இடத்தில் இனி நான் நிற்க வேண்டுமா? அதற்குரிய பிள்ளையா நான்?

ஐந்து நேரமும் உங்களுக்காகக் கையேந்துவேன் வாப்பா. அது போதாது என்றும் தெரியும். அடுத்த கிழமை எங்கள் கந்தோர் ஆட்கள் வேறொரு நிலையத்துத் தையல் மெசின்களைக் கண்டம் பண்ணப் போகிறார்கள். நானும் போகிறேன். சம்மட்டியைத் தூக்குவதற்கு முன்னால், சேரின் முகத்தைப் பார்த்துப் பேசுவேன்.

துஆவுடன்,
உங்களுக்கு மிஞ்சியிருக்கிற மூத்த மகள்